பெட்ரோல் பிரஷர் வாஷர் வீட்டுக்குத் தேவையா? கொல்லிமலையில் ஒரு பக்கெட் சொன்ன பதில்

"கேஸ்ல ஓடுற மெஷினாம் கண்ணு. அதுக்குத் தனியா சிலிண்டர் மாட்டணுமா? நமக்கு இருக்கறதே ரெண்டு சிலிண்டரு..."

அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ் இது. பின்னாலேயே அவர் மகன் ஒரு வீடியோ லிங்க்கை அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலைக் கழுவுகிறார். கறுப்பாக இருந்த சிமென்ட் தரை, தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடாக மாறுகிறது. பார்க்கப் பார்க்க நமக்கும் ஒன்று வாங்கத் தோன்றும். தலைப்பில் 'கேஸ் பிரஷர் வாஷர்' என்று இருந்ததுதான் அத்தையைக் குழப்பிவிட்டது.

அந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பெயர் கேசோலின். சுருக்கமாக கேஸ். சமையல் சிலிண்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் பெட்ரோல் இன்ஜின், அதோடு இணைந்த ஒரு பம்ப், கையில் பிடிக்க ஒரு துப்பாக்கி. அவ்வளவுதான் அந்த மெஷின். லாரி ஊரான நாமக்கல்லில் 'வாட்டர் சர்வீஸ்' ஷெட்டுகளில் மோட்டார் வைத்துச் செய்யும் வேலையை, இது கரன்ட் இல்லாமல் செய்யும்.

சும்மா ஆசைக்காக அவன் கேட்கவில்லை. போன கார்த்திகை மழையில் மொட்டை மாடிப் படியில் பாசி பிடித்து, மாமா வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் 6 வாரம் மாவுக்கட்டு. மிளகு பறிக்கும் நேரத்தில் வீட்டின் முக்கியமான ஆள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் மிளகு விற்ற பணத்தில் முதல் செலவு பாசிக்குத்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பெட்ரோல் மெஷினா, கரன்ட் மெஷினா என்பதில்தான் சண்டை. "நீ பத்திரிகையிலதான இருக்க, பாத்து சொல்லு" என்று பந்தை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோளக்காடு வந்து, செம்மேடு தாண்டி அத்தை வீட்டில் இறங்கியதும் நான் கேட்டது காபி இல்லை. ஒரு பக்கெட்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பிரஷர் வாஷர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது பிரஷரை. எத்தனை பார், எத்தனை பிஎஸ்ஐ என்றுதான் கேட்கிறார்கள். (1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. பெரிய எண்ணாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பல கம்பெனிகள் பிஎஸ்ஐ கணக்கில் போடுகின்றன.) ஆனால், மெஷின் தண்ணீரை உண்டாக்காது. நம் குழாயில் வருவதை வாங்கி, அழுத்தி, சின்ன ஓட்டை வழியாக வெளியே தள்ளும். குழாயில் போதுமான அளவு வரவில்லை என்றால் பம்ப் காற்றை இழுக்கும், உள்ளே சூடாகும், சீல் போய்விடும். வாங்கிய கொஞ்ச நாளிலேயே பம்ப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டுக்கென்று விற்கும் மின்சார மெஷின்கள் நிமிடத்துக்கு சுமார் 6 லிட்டர் கேட்கும். பெட்ரோல் மெஷின்கள் 9 லிட்டர் வரை, பெரியவை அதற்கு மேலும் கேட்கும். உங்கள் குழாய் எவ்வளவு தருகிறது என்று தெரிந்துகொள்ள 15 லிட்டர் பக்கெட்டும் செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். பக்கெட் 100 விநாடிக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 9 லிட்டர் வருகிறது என்று அர்த்தம். இரண்டரை நிமிடம் ஆனால் 6 லிட்டர். மெஷின் கேட்பதைவிட கொஞ்சம் கூடுதலாகவே குழாயில் வர வேண்டும்.

அத்தை வீட்டு மொட்டை மாடிக் குழாயில் பக்கெட் நிரம்ப 2 நிமிடம் 40 விநாடி ஆனது. மின்சார மெஷினுக்கே போதாது! காரணம் எளிது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடியிலேயே டேங்க், அதற்கு இரண்டடி கீழே குழாய் என்றால் அழுத்தம் எங்கிருந்து வரும்? கீழே முற்றத்துக் குழாயில் அதே பக்கெட் 65 விநாடியில் நிரம்பிவிட்டது. கிட்டத்தட்ட 14 லிட்டர்.

ஆக, மெஷினை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. முற்றத்தில் வைத்துவிட்டு, பிரஷர் ஹோஸை மட்டும் மேலே கொண்டு போக வேண்டும். ஒரு மாடி ஏறுவதால் குறையும் அழுத்தம் அரை பார்கூட இருக்காது. 100 பார் தரும் மெஷினுக்கு அது தூசு. ஆனால், வீட்டு உபயோக மெஷின்களோடு வரும் ஹோஸ் பெரும்பாலும் 5, 6 மீட்டர்தான். கூடுதல் ஹோஸ் தனியாகக் கிடைக்குமா, அந்த மாடலுக்குப் பொருந்துமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியை அத்தை மகன் அதுவரை யோசிக்கவே இல்லை. நானும்தான்.

குழாயே சரியில்லாத வீடுகளில் 200 லிட்டர் டிரம்மை நிரப்பி வைத்து, அதிலிருந்து எடுக்கலாம். அதற்கு மெஷின் தானாகத் தண்ணீரை உறிஞ்சும் வகையாக இருக்க வேண்டும். எல்லா மாடலும் உறிஞ்சாது. பெட்ரோல் மெஷின்களில் பலவற்றுக்குக் குழாய் அழுத்தத்திலேயே தண்ணீர் உள்ளே வந்தாக வேண்டும். அதோடு, நிமிடத்துக்கு 9 லிட்டர் என்றால் 200 லிட்டர் டிரம் 22 நிமிடத்தில் காலி. 1,000 லிட்டர் டேங்க்கூட இரண்டு மணி நேரம் தாங்காது. கோடையில் ஊற்றுத் தண்ணீரை நம்பி இருக்கும் மலை வீடுகளில், பெட்ரோலைவிட முதலில் தீர்ந்துபோவது தண்ணீர்தான்.

அட்டைப்பெட்டிக் கணக்கு

ஆன்லைனில் தேடினால் தலை சுற்றுகிறது. 1,800 வாட்ஸ் மோட்டார், 200 பார், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று மலிவு விலையில் ஒன்று இருந்தால் எடுத்துவிடலாம் என்றுதானே தோன்றும்? ஒரு சின்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். பார் அளவை நிமிட லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், அந்தத் தண்ணீரைத் தள்ளத் தேவையான சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். 200 பெருக்கல் 10 வகுத்தல் 600... சுமார் 3.3 கிலோவாட். அதாவது 3,300 வாட்ஸ். 1,800 வாட்ஸ் மோட்டாரிலிருந்து 3,300 வாட்ஸ் எப்படி வரும்?

அந்த 200 பார் என்பது துப்பாக்கியை மூடிய நொடியில் எகிறும் உச்ச அளவாக இருக்கலாம். 10 லிட்டர் என்பது அழுத்தமே இல்லாமல் தண்ணீர் ஓடும்போது எடுத்த அளவாக இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. எனவே, பெட்டியில் 'அதிகபட்சம்' என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, வேலை செய்யும்போது இருக்கும் அழுத்தம், தண்ணீர் அளவு என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கொடுக்காத மாடலை நான் வாங்க மாட்டேன்.

பெட்ரோல் மெஷினுக்கும் இதே கணக்குதான். 170 பார், 9 லிட்டர் என்றால் 2.55 கிலோவாட். ஹெச்பியில் சுமார் 3.4. பம்பில் வீணாவதையும் சேர்த்தால் 4 ஹெச்பி இன்ஜினாவது வேண்டும். இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜின் 163 சிசி, 4.8 ஹெச்பி. இதே உருவத்தில், இதே நிறத்தில், '7 ஹெச்பி' என்று எழுதி வேறு பெயர்களிலும் இன்ஜின்கள் விற்பனைக்கு இருக்கின்றன. ஏறக்குறைய அதே அளவு சிலிண்டரிலிருந்து அந்தக் கூடுதல் ஹெச்பி எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பெட்ரோல் மெஷினில் பெரும்பாலும் இன்ஜின் ஒரு கம்பெனி, பம்ப் இன்னொரு கம்பெனி, இரண்டையும் சட்டத்தில் பொருத்தி ஸ்டிக்கர் ஒட்டுவது மூன்றாவது கம்பெனி. வாரன்டி யாருடையது, எதற்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினின் எடை 25, 30 கிலோ இருக்கும். பழுதானால் நாமக்கல்லுக்கு 55 கிலோமீட்டர் போக வேண்டும், அதே 70 வளைவுகளில். மலையில் இருப்பவர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்பது, மெஷின் விலையைவிட முக்கியமான கேள்வி.

மேலே போனால் இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும்

செம்மேடு, சோளக்காடு பக்கமெல்லாம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். உயரம் கூடக் கூடக் காற்று மெலிதாகும். பெட்ரோல் எரிய அந்தக் காற்றுதான் வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் சக்தி சுமார் 3.5 சதவிகிதம் குறையும் என்று ஹோண்டாவின் கையேடே சொல்கிறது. 1,200 மீட்டரில் அது 14 சதவிகிதம். கீழே 4.8 ஹெச்பி கொடுக்கும் இன்ஜின், அத்தை வீட்டு முற்றத்தில் 4.1 ஹெச்பிதான் கொடுக்கும். (1,500 மீட்டருக்கு மேல் எப்போதும் ஓட்டுவதாக இருந்தால் கார்புரேட்டரில் மாற்றம் செய்யச் சொல்கிறார்கள். கொல்லிமலைக்கு அது தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் கவனிக்கவும்.) கீழே கடையில் ஓட்டிக் காட்டியபோது இருந்த வேகம் மேலே வந்ததும் குறைந்தால் மெஷின் ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். அதேநேரம், கணக்குக்குச் சரியாக இருக்கும் சின்ன இன்ஜினையும் எடுக்க வேண்டாம்.

செலவைப் பார்ப்போம். ஜிஎக்ஸ்160 முழு வேகத்தில், முழு பாரத்தில் மணிக்கு 1.4 லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மணிக்கு 140 ரூபாய். 1,500 வாட்ஸ் மின்சார மெஷின் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்தான் இழுக்கும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று இருக்கும் மாநிலத்தில் இதைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

பெட்ரோலில் இன்னொரு தலைவலி, அதில் கலந்திருக்கும் எத்தனால். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் சேர்த்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் பைக்கில் இது பெரிய விஷயமில்லை. வருஷத்தில் நான்கு நாள் மட்டும் எடுத்து, மீதி நாள் மூலையில் கிடக்கும் மெஷினில், அதுவும் மலையின் ஈரக்காற்றில், கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். அடுத்த வருஷம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் வலிக்கும். வேலை முடிந்ததும் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிட்டு வைக்க வேண்டும். 20 சதவிகித எத்தனாலுக்கு அந்த இன்ஜின் ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குவது அதைவிட நல்லது.

அப்படியென்றால் பெட்ரோல் மெஷின் யாருக்குத்தான்? கரன்ட் கம்பி எட்டாத தோட்டத்து ஷெட், காபி காயப்போடும் பெரிய களம், வாரா வாரம் செம்மண் அப்பி வரும் ஜீப்பும் பிக்கப்பும் உள்ள வீடு, நான்கைந்து அறைகளோடு விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள். இவர்களுக்குத் தண்ணீர் வசதியும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். வருஷத்துக்கு நான்கு முறை படியையும் மாடியையும் கழுவ அது வேண்டாம்.

விவசாய வீடுகளில் ஏற்கெனவே பவர் ஸ்பிரேயர் இருக்கலாம். மிளகுக் கொடிக்கு போர்டோ கலவை அடிப்பதற்கு வைத்திருப்பார்கள். அதில் 20 முதல் 40 பார் வரை அழுத்தம் வரும். ஜீப்பில் ஒட்டிய சேற்றைக் கழுவ அது போதும். பாசிக்குப் போதாது. பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரென்றால் குழந்தைகள் விளையாடும் வாசல் பக்கமோ, தண்ணீர்த் தொட்டி பக்கமோ கொண்டு வராதீர்கள். எத்தனை முறை அலசினாலும் டியூபில் மருந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

இது விளையாட்டுத் துப்பாக்கி இல்லை

அந்த அமெரிக்க வீடியோவில் ஒருவர் செருப்புக் காலோடு நின்று, தன் காலிலேயே தண்ணீரை அடித்துச் சேற்றைக் கழுவுகிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிமென்ட்டிலிருந்து பாசியைப் பிய்க்கும் தண்ணீர், தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் அதிகம் இருக்காது. உள்ளே அந்தத் தண்ணீரும் அழுக்கும் சதைக்கு நடுவே பரவிக்கொண்டிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், 'ஹை பிரஷர் தண்ணீர் பாய்ந்தது' என்று டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மலையில் இருப்பவர்கள் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டியிருக்கும். இறங்கவே எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துவிட்டுத் துப்பாக்கியைப் பிடியுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் வேண்டாம்.

துப்பாக்கி முனையில் மாட்டும் நாசில்களுக்கு நிறம் உண்டு. சிவப்பு 0 டிகிரி, ஒரே கோடாகப் பாயும். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 டிகிரி விரிவு. கறுப்பு, சோப்பு நீருக்கு. சிவப்பை வீட்டில் எடுக்கவே வேண்டாம். நான் என்றால் பெட்டியைப் பிரித்ததும் அதைத் தனியே எடுத்து ஒளித்துவைத்துவிடுவேன். வெள்ளையில், 3 அடி தள்ளி நின்று தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் நெருங்குங்கள். ஓட்டு வீடென்றால் கீழிருந்து மேல்நோக்கி அடிக்காதீர்கள். ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு, மண் சுவர் பக்கம் கொண்டே போகாதீர்கள். ஏணியில் நின்று அடித்தால் துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகத்தில் ஏணியோடு சாய்வீர்கள்.

பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டுமே உரிய ஆபத்து ஒன்று உண்டு. மழை வருகிறது என்று போர்டிகோவுக்குள்ளோ ஷெட்டுக்குள்ளோ வைத்து ஓட்டிவிடுவார்கள். இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடலாம். கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும்.

மின்சார மெஷின் மட்டும் சாது என்று நினைக்க வேண்டாம். ஈரத் தரை, ஈரக் கை, கரன்ட். 1,500 வாட்ஸ் மோட்டார் ஆறரை ஆம்பியர் இழுக்கும். டிவி பிளக்கில் சொருகக் கூடாது. ஹீட்டருக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் வேண்டும், சரியான எர்த் வேண்டும், ஷாக் அடித்தால் உடனே கட் ஆகும் ஈ.எல்.சி.பி வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கி மோட்டாரும் திணறும். யு.பி.எஸ்ஸில் ஓட்டலாமா என்று மாமா கேட்டார். வீட்டு யு.பி.எஸ் தாங்காது மாமா.

பக்கெட்டுக்குப் பிறகு

இரண்டு நாள் பேசி, பெட்ரோல் மெஷின் வேண்டாம் என்று முடிவானது. அத்தை மகன் முகம் வாடிவிட்டது. கரன்ட் போனால் என்ன செய்வது என்று அவன் கேட்ட கேள்விக்கு அத்தைதான் பதில் சொன்னார். "கரன்ட் வந்தப்புறம் கழுவு சாமி. பாசி எங்க ஓடியா போயிரும்?"

1,500 வாட்ஸ் மின்சார மெஷின் ஒன்று, கூடுதலாக 10 மீட்டர் ஹோஸ். முற்றத்துச் சுவரில் எலெக்ட்ரீஷியனை வைத்து 15 ஆம்பியர் பிளக்கும் ஈ.எல்.சி.பியும் போட்டோம். மெஷினைவிட அந்த வேலைக்குத்தான் அத்தை அதிகம் பேரம் பேசினார். பெட்ரோல் மெஷினுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

முதல் நாள் வேலையில் ஒரு விஷயம் கற்றுக்கொண்டோம். காய்ந்த பாசியில் நேராக அடித்தால் நேரமும் தண்ணீரும்தான் வீண். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, 20 நிமிடம் ஊறவிட்டு, சீமாறால் ஒருமுறை தேய்த்துவிட்டு அடித்தபோது பாசி தோலாக உரிந்து வந்தது. பாத்ரூம் ஆசிட்டை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். கழுவிய தண்ணீர் நேராக ஓடையில் கலக்காமல் இருக்க, படிக்குக் கீழே மண்ணைக் கொட்டித் தடுத்து, பக்கத்தில் வெற்று நிலத்துக்குத் திருப்பிவிட்டோம். இந்த மலையின் தண்ணீர்தான் ஐயாறாகி, ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்குப் போகிறது. கீழே அதில் குளிக்கிறார்கள்.

17 படிகள். முக்கால் மணி நேரம், 270 லிட்டர் தண்ணீர். முடிந்ததும் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறினார். கடைசிப் படியில் நின்று காலைத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டு இறங்கி வந்தார்.